சும்மா ஓடுகிறேன்

நான் ரோட்டில் ஓடுவதைப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பக்கத்தில் யாரும் "உடம்பைக் குறைக்கவா?" என்று கேட்பதில்லை. "எங்கன வெடிச்சிருக்கு?" என்றுதான் கேட்பார்கள்.

முதல் நாள் காலையில் விஸ்வநத்தம் ரோட்டில் புது ஷூவோடு ஓடத் தொடங்கினேன். கம்பெனி வேனுக்காக மரத்தடியில் நின்றிருந்த பெண்களில் ஒருவர் டிபன் பையைக் கீழே போட்டுவிட்டு என் கூடவே ஓடி வந்துவிட்டார். நான் நின்றதும் அவரும் நின்றார். எந்தக் கம்பெனி என்றார். எந்தக் கம்பெனியும் இல்லை, சும்மா ஓடுகிறேன் என்றேன். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சும்மா யாராச்சும் ஓடுவாகளா தாயி? ஈரக்கொல நடுங்கிப்போச்சு" என்று சொல்லிவிட்டு, பையை எடுக்கத் திரும்பி நடந்தார்.

பட்டாசு செய்கிற ஊரில் ஓட்டத்துக்கு ஒரே அர்த்தம்தான். ஒருத்தர் ஓடினால் எல்லோரும் ஓடுவார்கள்; காரணத்தைப் பிறகுதான் கேட்பார்கள். அதனால் நானே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஆள் நிற்கிற இடம் வந்தால் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, "சும்மா, சும்மா" என்று சொல்லிக்கொண்டே கடந்துவிடுவேன். பத்து நாளில் பழகிவிட்டார்கள். டீக்கடைக்காரர் மட்டும் 'சும்மா அக்கா போறாக' என்று கேலி செய்வார். செய்யட்டும்.

ஆனால் நான் சும்மா ஓடவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

என் வீட்டுக்காரர் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். நான் ஊருக்குள்ளே ஒரு காலண்டர் அச்சகத்தில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம் ஜன்னல் கண்ணாடி எல்லாம் அதிர்ந்தது. மொட்டை மாடிக்கு ஓடிப் பார்த்தால் அவர் இருக்கிற திசையில் புகை. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கூப்பிட்டால் அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் இருக்காது. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். பாதி வழியில் செருப்பு வார் அறுந்தது. வெறுங்காலோடு தார் ரோட்டில் இன்னும் கொஞ்ச தூரம். பிறகு மூச்சு முட்டி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன்.

அப்படி உட்கார்ந்ததைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. புகை கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, கால் நகர மாட்டேன் என்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்க் கேட்டில் இறக்கிவிட்டார். அங்கே இவர் ஆட்களைத் தலை எண்ணிக்கொண்டு நிற்கிறார், ஒரு கீறல் இல்லை. வெடித்தது வேறு கம்பெனி. என்னைப் பார்த்ததும், "நீ எதுக்கு ஓடியாந்த?" என்றார். வந்த கோபத்தில் அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் காலையில் வேலைக்குக் கிளம்பியதிலிருந்து சாயங்காலம் வீட்டு கேட் பக்கம் வண்டிச் சத்தம் கேட்கிறவரை காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவள்தான் நான். அச்சு மெஷின் தடக்கென்றால் எழுந்துவிடுவேன். கல்யாண வீட்டு வேட்டுக்குக்கூட மாடிக்குப் போய்ப் பார்ப்பேன். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். வெடிப்பதை நான் தடுக்க முடியாது. ஆனால் அடுத்த தடவை நடுவழியில் உட்கார மாட்டேன். அவர் கம்பெனி கேட் வரைக்கும் என் காலாலேயே போய்ச் சேருவேன்.

விருதுநகரில் ஒரு ஷூக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர். வாக்கிங்கா, ஓடுவதற்கா, எம்புட்டுத் தூரம் என்று விவரமாகக் கேட்டார். எனக்குச் சொல்லக் கூச்சம். "சும்மா, வாக்கிங்" என்றேன். அவரும் வாக்கிங்குக்கு ஏற்ற மாதிரி மெத்தென்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ரோஸ் நிறம். ஜாக்கெட் பிட் எடுப்பதுபோல் நிறம் பார்த்துத்தான் நானும் எடுத்தேன். செருப்பு அளவையே சொன்னேன், கச்சிதமாகப் பிடித்தது. கச்சிதம் நல்லது என்று நினைத்தேன். மூன்று வாரத்தில் இரண்டு கட்டை விரல் நகமும் நாவல்பழ நிறத்துக்குப் போய்விட்டன.

நகம் போனால் முளைக்கும் என்று ஓடினேன். ஓடியதும் எப்படி? எங்கள் ஊர் வழக்கப்படி ஓடினேன். இங்கே எதையும் சீசன் கணக்கில்தான் செய்வோம். தீபாவளி ஆர்டர் என்றால் லீவு கிடையாது, உடம்பு சரியில்லை என்ற பேச்சு கிடையாது, லோடு போகிறவரை ஓட்டம்தான். காலண்டர் சீசனும் அப்படியே. நானும் ஒரு நாள் விடாமல் ஓடினேன். நேற்று டீக்கடை வரை என்றால் இன்று வேகத்தடை வரை, நாளை பஸ் ஸ்டாப் வரை. என் வீட்டுக்காரர் மட்டும், "பதறாத காரியம் சிதறாது" என்பார். அது அவருடைய பழமொழி. கேஸ் சிலிண்டர் மாட்டுவதிலிருந்து தோசை திருப்புவது வரை எங்கள் வீட்டில் அதுதான் நடக்கும். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. கம்பெனிக்குள் யாராவது ஓடினால் அன்றே வேலை போய்விடும். கையில் வெடிமருந்துத் தட்டு இருக்கும்போது கால் இடறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பழக்கம் வெளியிலும் ஒட்டிக்கொண்டது. கண்ணெதிரே பஸ் கிளம்பினாலும் நடந்துதான் வருவார். அடுத்த பஸ் வராமலா போகும் என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு வலது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி தொடங்கியது. முதலில் ஓடும்போது மட்டும். அப்புறம் மாடிப்படி ஏறும்போது. அப்புறம் சும்மா படுத்திருக்கும்போதே. தைலம் தேய்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே வருவதாக நேர்ந்துகொள்ளச் சொன்னார். காலுக்காக நேர்ந்து, நடந்தே போனால், அந்தக் காலும் போய்விடும் என்றேன். கடைசியில் என் வீட்டுக்காரர்தான் என்னை இழுத்துக்கொண்டு விருதுநகரில் ஒரு பிசியோதெரபி டாக்டரிடம் போனார்.

என்னைவிட வயதில் சின்னப் பெண். என் ரோஸ் ஷூவைக் கையில் வாங்கி, ஈரத் துண்டைப் பிழிவதுபோல் முறுக்கினார். அதுவும் துண்டு மாதிரியே முறுகியது. ஓடுவதற்கான ஷூ முன்பக்கம் மட்டும் மடங்க வேண்டும், நடுவில் இப்படித் துவளக் கூடாது என்றார். பிறகு எலும்பில் ஒரு இடத்தை விரலால் அழுத்தினார். எனக்கு உயிர் போய் வந்தது. எலும்பில் விரிசல் விழுவதற்கு முந்தைய கட்டம், இப்படியே ஓடினால் விழுந்தே விடும் என்றார். நான் எப்படிப் பயிற்சி செய்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

"சீசன் வேல பாத்திருக்கீகக்கா" என்றார். "ஒடம்பு என்ன தீபாவளி ஆர்டரா? ஓடுற அன்னைக்கு எலும்பு தேயும், ஓடாத அன்னைக்குத்தான் ஊறும். நீங்க ஊறவே விடல."

ஆறு வாரம் ஓடக் கூடாது. நடக்கலாம். குதிகாலைத் தூக்கித் தூக்கி நின்று கெண்டைக்காலைப் பலப்படுத்தலாம். அதற்குப் பிறகும் கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை என்று மாற்றி மாற்றித்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். வேகம் எவ்வளவு என்று கேட்டேன். ரோட்டில் கையைத் தூக்கிச் 'சும்மா' சொல்கிற கதையை என் வீட்டுக்காரர் ஏற்கெனவே டாக்டரிடம் சொல்லிச் சிரித்திருந்தார். அந்தச் சும்மாவை மூச்சிரைக்காமல் சொல்ல முடிந்தால் அதுதான் சரியான வேகம், இரைத்தால் அதிகம் என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலமே அதே கடையில் வேறு ஷூ எடுத்தோம். சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும், அப்போதுதான் எடுக்க வேண்டுமாம். காலுறையோடு போட்டு, விரல் நுனிக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்து, குதிகால் நழுவாமல் கடைக்குள்ளேயே நாலு எட்டு ஓடிப் பார்த்து எடுத்தேன். நிறம் சாம்பல். அழகே இல்லை. காலுக்கு அது கும்மென்று இருந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் சண்டை. ஆறு வாரம் ஓடாவிட்டால் என்ன குறைந்துவிடும், யார் உன்னை ஓடச் சொன்னது என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"வெடிச்சா நான் எப்படி வாரது?" என்றேன்.

சத்தமாகவே கேட்டுவிட்டேன்போல, முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். இவர் திருத்தங்கல் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "பதறாத காரியம்..." என்று தொடங்கினார். நான் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டார்.

ஓடுவது ஒரு கஷ்டம் என்றால், ஓடாமல் இருப்பது ஒன்பது கஷ்டம். புது ஷூவை ஆபீஸ் மேஜைக்கடியில் வைத்திருந்தேன். காலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்று குதிகாலைத் தூக்குவேன், இறக்குவேன். மேனேஜர் எதையோ எட்டி எடுக்கிறேன் என்று நினைத்து ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். வலி மெல்ல மெல்லக் குறைந்தது. பயம் மட்டும் முழுதாக அப்படியே இருந்தது. முன்பெல்லாம் காலையில் ஓடிவிட்டு வந்தால் பயம் கொஞ்சம் களைத்துப்போய்க் கிடக்கும். இப்போது நாள் முழுக்க என்னோடு கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தது.

நாலாவது வாரம் அது நடந்தது. காலை டீ வந்த நேரம். கண்ணாடி அதிர்ந்தது, மெஷினை நிறுத்தினார்கள், எல்லோரும் மாடிக்கு ஓடினார்கள். நான் மாடிக்குப் போகவில்லை. கீழே உட்கார்ந்து ஷூவைப் போட்டேன். அவசரத்தில் நாடா முடிச்சு விழவில்லை. அவர் நம்பருக்கு லைனே கிடைக்கவில்லை. ஊரே ஊரைக் கூப்பிடும்போது யாருக்குக் கிடைக்கும்? ஷேர் ஆட்டோ கம்பெனிப் பக்கம் பிரிகிற விலக்கு ரோடு வரைக்கும்தான் போனது. அதற்கு மேல் தீயணைப்பு வண்டிக்காக ரோட்டை மறித்துவிட்டார்கள். இறங்கினேன். எதிரே பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு கம்பெனி பேரைச் சொன்னார்கள்.

நடக்கலாம், ஓடக் கூடாது. நடந்தேன். புகை அப்படியே நின்றது. அப்புறம் ஓடிவிட்டேன். சும்மா சொல்லிப் பார்க்கவெல்லாம் மூச்சில்லை. கொஞ்ச தூரம்தான். எலும்பில் அந்தப் பழைய இடத்தில் சுருக்கென்றது.

அப்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம் கருவேலங்காட்டுக்குள்ளிருந்து ஒரு ஆள் ஓடி வந்தார். போர்மேன்கள் போடுகிற காக்கிச் சட்டை, வெறுங்கால். போர்மேனே ஓடி வருவதைப் பார்த்து, ரோட்டில் போய்க்கொண்டிருந்த பெண்கள் அலறிக்கொண்டு ஒதுங்கினார்கள். அவர் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினார்.

"சும்மா... சும்மா... சும்மாத்தான் ஓடியாரேன்."

என் வீட்டுக்காரர். பஸ்ஸுக்குக்கூட ஓடாத மனிதர்.

நான் அழுதேன். நடுரோட்டில், அத்தனை பேர் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதேன். அவருக்கு மூச்சு சீராகவே நேரமானது. வெடித்தது பக்கத்துக் கம்பெனியில் ஒரு ரூம், டீ நேரம் என்பதால் உள்ளே ஆள் இல்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எங்கள் ஆட்கள் எல்லோரையும் எண்ணி வேனில் ஏற்றியாகிவிட்டது என்று விட்டு விட்டுச் சொன்னார். ரோட்டை மறித்துவிட்டதால் பைக்கை எடுக்க முடியவில்லையாம். வேலை அறையில் செருப்புப் போடக் கூடாது. வெளியே கழற்றி வைத்ததைத் தேடிப் போட நேரமில்லை. உள்ளங்காலில் முள் ஏறி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"நீங்க எதுக்கு ஓடியாந்தீக?" என்றேன்.

"நீ ஓடிருவேன்னுதான்" என்றார்.

மைல்கல்லில் உட்காரவைத்து, சேலையிலிருந்த ஊக்கைக் கழற்றி முள்ளை எடுத்தேன். எடுக்கிற வரைக்கும் அவர் என் வலது முழங்காலுக்குக் கீழே கையை வைத்து, வலிக்குதா, இங்கனயா, அங்கனயா என்று அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையை எடுங்க, முள்ளு உள்ளே போயிரும் என்று அதட்டினேன். சும்மா சொல்லும்போது உங்களுக்கு ரொம்ப இரைத்தது, அந்த வேகம் ஆகாது என்றும் சொன்னேன்.

என் காலுக்குக் கூடுதலாக இரண்டு வாரம் ஓய்வு கிடைத்தது. டாக்டரிடம் நல்ல திட்டும் கிடைத்தது. என் வீட்டுக்காரர் தன் கால் புண் ஆறியதும் ஒரு சாயங்காலம் என்னை விருதுநகருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதே கடை. இந்தத் தடவை அவர் உட்கார்ந்து காலை நீட்டினார். கடைக்காரருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. சாருக்கும் வாக்கிங்தானா என்று சிரித்தார்.

"இல்ல, ஓடுறதுக்கு" என்றார் இவர்.

"எம்புட்டுத் தூரம் ஓடுவீக?"

"கம்பெனி கேட்டுலருந்து இவ ஆபீஸ் வரைக்கும்."

கடைக்காரர் ஷூவை மாட்டிவிட்டார். நான் குனிந்து, விரல் நுனிக்கு முன்னால் பெருவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன்.