அப்பாவின் காருக்கு நான்கு சில்லுகள்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் எல்லாரும் பனிக்கால டயர்களைப் பற்றியே கதைத்தார்கள். எல்லாரும் என்றால் அம்மாவும் நானும். வீடு என்றால் வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் வீட்டுக்கார அன்ரி எங்களுக்கு விட்டிருந்த ஓர் அறை. யன்னலைத் திறந்தால் தண்டவாளம் தெரியும், அதற்கு அப்பால் கடல் தெரியும். ரயில் போகும்போது கட்டிலுக்கடியில் இருந்த இரண்டு சூட்கேசுகளும் மெல்ல அதிரும். எங்களைவிட அவற்றுக்குத்தான் புறப்படும் அவசரம் அதிகம் என்று தோன்றும்.

அப்பா கனடாவில் இருந்தார். எனக்கு நாலு வயதாகும்போது ஏஜென்சிக்காரன் ஒருவனோடு புறப்பட்டு, எங்கெங்கோ தங்கி, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தவர். அங்கே அவருடைய அகதிக் கேஸ் முடிந்ததும் எங்களைக் கூப்பிடுவார். கூப்பிட்டால் மெடிக்கலுக்கும் விசாவுக்கும் உடனே ஓடவேண்டும் என்பதால் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் அறை எடுத்திருந்தோம். போகப்போகிற பிள்ளைதானே என்று அந்த வருடம் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. பக்கத்து ஒழுங்கையில் ஆங்கில டியூசனுக்கு மட்டும் போய்வந்தேன். இப்படிப் போகப்போகிற பிள்ளையாகவே இரண்டு வருடம் இருந்தேன். என் படிப்பு அரைகுறையானது அப்படித்தான். அதற்காக யாரையும் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வீடியோ கோல் எடுப்பார். அவருக்கு அது சனிக்கிழமை இரவு. அப்படியொரு ஞாயிறன்றுதான் தான் கார் எடுத்துவிட்டதாகச் சொன்னார்.

“பழசுதான். எண்டாலும் நல்லா ஓடுது. இனி விண்டர் டயர் போடோணும். அது இல்லாட்டி ஸ்னோவுக்க எயர்போட்டுக்கு வந்து உங்களை ஏத்தேலாது. எந்த டயர், எந்த ரிம் எண்டு நீர்தான் சொல்லோணும்.”

அம்மா கூந்தலை ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் அதுவரை எதையும் தெரிவுசெய்ய அம்மாவிடம் யாரும் விட்டதில்லை. அறையையே மாமாதான் பார்த்து எடுத்தார். என் மனதிலோ கணக்கு மிகச் சுலபமாக முடிந்தது. டயர் போட்டதும் நாங்கள் போவோம். போடாதவரை போகமாட்டோம். அடுத்த பனிக்கு முதல் கூப்பிடுவேன் என்று அப்பாவும் சொல்லியிருந்தார்.

அதன்பிறகு வாரா வாரம் பாடம் நடந்தது. குளிரில் சாதாரண டயரின் ரப்பர் கல்லுப்போல இறுகிவிடும், பனிக்கால டயர் மெதுவாகவே இருக்கும் என்றார் அப்பா. அதன் பக்கவாட்டில் ஒரு மலையும் மலைக்குள் ஒரு பனிப்பூவும் பொறித்திருக்குமாம். அகலமான டயர் பனியின்மேல் மிதக்கும், கொஞ்சம் ஒடுக்கமானது பனியை வெட்டிக்கொண்டு போய்த் தரையைப் பிடிக்கும். டயரை ரிம்மோடு தனியாக வாங்கி வைத்தால் வருடத்துக்கு இரண்டு தடவை கழற்றிப் பூட்டுவது சுகம். முன்பக்கத்துக்கு இரண்டு மட்டும் போட்டாலும் ஓடலாம் என்று சிலர் சொல்கிறார்கள் என்றும் ஒருநாள் இழுத்தார்.

“ஒரு காலுக்குச் சப்பாத்தும் மற்றக் காலுக்குச் செருப்பும் போட்டுக்கொண்டு நடப்பீங்களோ?” என்றாள் அம்மா. “நாலும் போடுங்கோ. பிள்ளை பின்சீற்றில இருக்கப்போறவள்.”

அப்பா சிரித்தார். பின்பக்கம் சுழற்றிக்கொண்டு போகும் என்று இங்கே கடையிலும் சொல்கிறார்கள், நீர் சொல்வதுதான் சரி என்றார். அன்று முழுவதும் அம்மா சுறுசுறுப்பாக இருந்தாள்.

அம்மாவின் தமையன், என் மாமா, கொட்டாஞ்சேனையில் ஒரு டயர்க் கடையில் வேலை செய்தார். பனியைப் படத்திலும் சரியாகப் பார்த்திராதவர். ஆனால் டயர் என்றால் எங்கும் டயர்தான் என்பது அவருடைய கட்சி. ரப்பர் இறுகுவதை அவர் நம்பவில்லை. பழைய டயரில் ஒரு துண்டு வெட்டி, அன்ரியின் பிரிட்ஜில் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டார். அம்மா அதைத் தாளில் சுற்றி ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுத்த நாள் அன்ரி அதைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வந்தா.

“பிள்ளை, இது என்ன கருவாடு? எவ்வளவு நேரமா வெட்டுறன், கத்தி இறங்குதில்லை.”

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, “கனடா கருவாடு அன்ரி,” என்றாள். துண்டு உண்மையில் இறுகியிருந்தது. நான் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். கனடா இப்படித்தான் மணக்கும் என்று தீர்மானித்தேன். வெகுநாள்வரை அந்த எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை.

மத்தியானங்களில் வெக்கை தாங்காமல் சீமெந்துத் தரையைத் தண்ணீரால் துடைத்துவிட்டு இருவரும் அதில் படுப்போம். காற்றாடி சுற்றும். அரைக்கண்ணில் பார்த்தால் கூரையிலிருந்து பனி இறங்கும். காலி வீதி முழுக்க வெள்ளை. நூறாம் நம்பர் பஸ் நாலு பக்கமும் மலையும் பூவும் பொறித்த டயரோடு சத்தமில்லாமல் ஊர்ந்து வரும். கொண்டக்டர் கம்பளி போட்டுக்கொண்டு ‘கொள்ளுப்பிட்டிய, கோட்டை’ என்று கத்தும்போது வாயிலிருந்து புகை வரும். தண்டவாளத்தின்மேல் பனி, கடலின்மேல் பனி. அம்மாவிடம் சொன்னால், “சரி, பஸ் வழுக்கினதோ?” என்று கண்ணைத் திறக்காமலே கேட்பாள். வழுக்கவில்லை என்பேன். “அப்ப நல்ல டயர்தான்,” என்பாள்.

ஐப்பசி மாதத்தில் அப்பா இரண்டு படங்கள் அனுப்பினார். ஒன்றில் வெள்ளி நிறத்தில் மினுங்கும் அலோய் ரிம். மற்றதில் கறுத்த இரும்பு ரிம். இரண்டையும் எங்கள் காரில்தான் போட்டுப் பார்த்தேன், எது வடிவு என்று சொல்லும் என எழுதியிருந்தார். சில்லும் அதற்குமேல் ஒரு முழம் கறுப்புத் தகடும்தான் படத்தில் தெரிந்தன. அம்மா இரண்டு நாள் யோசித்தாள். பிறகு, அண்ணையிடம் ஒரு சொல் கேட்டுவிடுவோம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போக மட்டக்குளி பஸ் ஏறினாள்.

கடை வாசலில் மாமா ஒரு முச்சக்கர வண்டிச் சில்லைக் கழற்றிக்கொண்டிருந்தார். கையைத் துணியில் துடைத்துவிட்டு போனை வாங்கினார். முதலாவது படத்தைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். திரும்ப முதலாவதுக்கு வந்து, விரலால் பெரிதாக்கினார்.

“இதுக்கு அஞ்சு நட்,” என்றார்.

“ஓம்.”

“மற்றதுக்கு நாலு.”

அம்மா குனிந்து போனைப் பார்த்தாள்.

“ஒரே கார் எண்டு சொன்னவரோ? நாலு நட் காருக்கு அஞ்சு ஓட்டை ரிம் பூட்டேலாது, தங்கச்சி. பொருந்தாது. இது ரெண்டும் ரெண்டு கார். பின்னுக்குப் பார், ஜக்கில ஏத்தியிருக்கு. அங்கால இன்னொரு கார் நிக்குது.” மாமா குரலைக் குறைத்தார். “மச்சான் கார் ஒண்டும் வாங்கேல்ல. ஆரோ சனத்தின்ர காருக்கு டயர் மாத்திக்கொண்டு நிக்கிறார். என்னை மாதிரித்தான்.”

கடைக்குள்ளிருந்து ஒரு பெடியன் மூன்று பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தான். அம்மா தன்னுடையதைக் கடைசிவரை குடித்தாள். பிறகு போனை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, “அது கிடக்கட்டும் அண்ணை,” என்றாள். “இரும்போ அலோயோ? அதைச் சொல்லுங்கோ.”

மாமா அவளைப் பார்த்தார். “இரும்பு,” என்றார் கடைசியில். “எப்பவும் இரும்புதான்.”

இதெல்லாம் என் காதில் விழுந்ததுதான். எனக்கு விளங்கியது ஒன்றேயொன்று: அப்பாவிடம் இரண்டு கார் இருக்கிறது. தன் கார்களுக்குத் தானே டயர் மாற்றுகிறார், அதிலென்ன? திரும்பி வரும்போது பஸ்ஸில் யன்னல் பக்கம் அம்மா இருந்தாள். காற்று முகத்தில் அடித்துக் கண்ணில் நீர் வருகிறது என்றாள். யன்னலைச் சாத்த எழுந்தேன். வேண்டாம் என்றாள்.

ஞாயிறு காலை கோல் வந்ததும் நான் முந்திக்கொண்டேன்.

“அப்பா, உங்களிட்ட ரெண்டு கார் இருக்காம். மாமா கண்டுபிடிச்சிட்டார்.”

அப்பாவின் முகம் அசையாமல் நின்றது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து போனை ஆட்டினேன். அதற்குள் அம்மாவின் விரல்கள் என் தொடையில் நன்றாக இறங்கின.

“அவள் பகலில படுத்துக் கிடந்து கனவு காணுறாள்,” என்றாள் அம்மா. “நீங்கள் சொல்லுங்கோ. அண்ணை இரும்பு ரிம்தான் நல்லம் எண்டவர்.”

அப்பா கேட்டார். “அண்ணை படத்தைப் பார்த்தவரோ?”

“பார்த்தவர். நட் எல்லாம் அளவா இறுக்கியிருக்காம். நல்லாத் தெரிஞ்ச கைதான் இப்பிடி இறுக்குமாம். ஆரெண்டு கேட்டவர்.”

மாமா அப்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அம்மா பொய் சொல்வதை நான் நேரில் கண்டது அன்றுதான். அதுவும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். அப்பா புறங்கையால் மூக்கைத் துடைத்தார். அந்தக் கையின் வெடிப்புகளில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

“இரும்புதான் சரி,” என்றார். “இஞ்ச ரோட்டுக்கு உப்புப் போடுவினம். அலோய் அரிச்சுப்போம்.”

“அப்ப இரும்பு. நாலுக்கும்.”

“நாலுக்கும்தான்.”

தொடையில் இருந்த நகக்குறி மறைய மூன்று நாள் எடுத்தது. கோபம் மறைய அதைவிட அதிகம். அம்மா டயரை விடவில்லை. அந்த மாரி முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தாள். காற்று எவ்வளவு அடித்தீர்கள், குளிரில் காற்று இறங்கும் என்றீர்களே, பூட்டிய பிறகு கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு நட்டைத் திரும்ப இறுக்கினீர்களா. அப்பாவும் ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். முன்னரெல்லாம் ஐந்து நிமிடத்தில் கேஸைப் பற்றிச் சொல்லிவிட்டு வைப்பவர், இப்போது அரைமணி நேரம் கதைத்தார். மலைப்பாதையில் போனாராம், முன்னே போன கார் சறுக்கியதாம், எங்கள் கார் அசையவில்லையாம். அம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

நான் வளர்ந்து பல இடங்களில் வேலை செய்துவிட்டேன். கட்டுநாயக்காவில் தையல், மாலைதீவில் ஹோட்டல் சமையலறை, கடைசியாக ருமேனியாவில் ஒரு தொழிற்சாலை. அங்கே முதல் பனிக்கு முந்தின வாரம் டயர்க் கடை வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. ஷிப்ட் முடிந்து போகும்போது நின்று பார்த்தேன். திறந்த கொட்டகைக்குள் நாலு ஆட்கள் குந்தியிருந்து கழற்றினார்கள், பூட்டினார்கள். கையுறை போட்டால் நட் பிடிபடாது போலும், ஒருவனுக்கும் கையுறை இல்லை. வரிசை குறையவேயில்லை. வரப்போகும் பனியின் வாசம் ரப்பர் வாசமாகத்தான் இருந்தது.

அப்பா கூப்பிடுவேன் என்ற அந்தப் பனிக்கு நாங்கள் போகவில்லை. அடுத்த பனிக்கும் போகவில்லை. அப்பாவின் கேஸ் இரண்டு தடவை தோற்றது. மூன்றாவது தடவைக்கு அவர் நிற்கவில்லை, வந்துவிட்டார்.

விமான நிலையத்துக்கு மாமா தன் முதலாளியின் வேனைக் கேட்டு வாங்கி ஓட்டிவந்தார். நல்ல மழை. அப்பா சின்னதாகியிருந்தார். போனில் முகம் மட்டும் தெரிந்ததால் எனக்கு அது முன்பே தெரிந்திருக்கவில்லை. அவருக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான் இருந்தேன். வைப்பர் அடிக்கும் சத்தம் மட்டும். கேஸைப் பற்றி மாமா ஏதோ கேட்க வாயெடுத்தபோது அம்மா குறுக்கே புகுந்தாள்.

“எங்கட காரை என்ன செய்தனீங்கள்?”

அப்பா வெளியே மழையைப் பார்த்தார். “வித்துப்போட்டன்.”

“டயரோடயோ?”

“டயரோடதான்.”

“நாலும்?”

“நாலும். இரும்பு ரிம்மும் சேர்த்து.”

“போகட்டும்,” என்றாள் அம்மா. “நல்ல டயர் அது. வாங்கினவை சுகமா ஓடட்டும்.”

முதலில் அப்பாதான் சிரித்தார். பிறகு அம்மா. இருவரும் என் தலைக்கு மேலால் ஒருவரையொருவர் பார்த்து, வேன் குலுங்குமளவுக்குச் சிரித்தார்கள். மாமா மட்டும் வீதியையே பார்த்து ஓட்டினார். எனக்குத் தாங்கவில்லை.

“என்னை ஒருக்கால்கூட ஏத்தாம வித்துப்போட்டீங்களே,” என்று அழுதேன்.

அப்பா சிரிப்பை நிறுத்தினார். என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அந்தக் கை மரப்பட்டைபோலச் சொரசொரத்தது.

“ஏத்தாமலோ? ஒவ்வொரு நாளும் ஏத்திக்கொண்டுதான் திரிஞ்சனான்,” என்றார். “பிள்ளை பின்சீற்றில நல்ல நித்திரை.”

அம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கையை உருவிக்கொண்டேன். வெள்ளவத்தை வரும்வரை இருவரோடும் ஒரு சொல் கதைக்கவில்லை. அப்பா பொய் சொல்கிறார் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதைத் தவிர வேறொன்றும் எனக்கு அன்று தெரியவில்லை.