ரயில் போகும்வரை

வெள்ளவத்தையில் எங்கள் வீடு கடலோரத் தண்டவாளத்துக்கு எதிரே இருந்த ஒரு ஃபிளாட். ரயில் வந்தால் யார் எதைச் சொல்லிக்கொண்டிருந்தாலும் பாதி வசனத்தில் நிறுத்திவிடுவோம். கடைசிப் பெட்டி தெஹிவளைப் பக்கம் மறைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். "நான் என்ன சொன்னனான்?" என்று கேட்பவர் எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளியாகத்தான் இருக்க வேண்டும்.

அக்கா கம்பஸில் உளவியல் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வேலை முடியும்வரை மனம் பிடித்து வைத்திருக்கும் நினைவுக்கும் மாணவர்கள் பரீட்சையில் எடுக்கும் புள்ளிகளுக்கும் என்ன தொடர்பு என்பது அவளுடைய ஆய்வு. சோதனைகளை முதலில் என்னிடம்தான் செய்து பார்ப்பாள். அவள் சொல்லும் இலக்கங்களை நான் கடைசியிலிருந்து திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்கு எட்டு வயது. கம்பஸே என்னை நம்பித்தான் நடக்கிறது என்று தலை கால் தெரியாமல் திரிந்தேன்.

அந்த வருடம் அக்காவுக்கு எல்லாம் மறந்தது. தேநீரை ஊற்றி வைத்துவிட்டு பல்கனியில் கடலைப் பார்த்தபடி நிற்பாள். ரயில் போனபின், "நான் என்ன சொன்னனான்?" என்று விருந்தாளிபோல் கேட்பாள். நான் எடுத்துக் கொடுப்பேன். அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒரு மாலை, கடல் வெளிச்சம் சுவரெல்லாம் அசைந்துகொண்டிருந்தது. கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்த அம்மாவின் அருகில் அக்கா வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் இனிக் கம்பஸுக்கு..."

ரயில் வந்துவிட்டது. யன்னல் கண்ணாடிகள் அதிர, தண்ணீருக்குள் இருப்பதுபோல் மூவரும் பேசாமல் இருந்தோம். அக்கா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் ஓய்ந்தது. "என்னடி சொன்னனீ?" என்றார் அம்மா.

"ஒண்டுமில்லையம்மா. மறந்துபோச்சு."

விடுவேனா? "எனக்குத் தெரியும்! 'நான் இனிக் கம்பஸுக்கு' எண்டு சொன்னனீங்கள், அக்கா!"

அம்மாவின் கை நின்றது. "கம்பஸுக்கு?"

"போகமாட்டன், அம்மா. ரெண்டாம் தரமும் பெயில். படிக்கிறது ஒண்டும் தலையிலை நிக்குதில்லை."

அம்மா கறிவேப்பிலையைத் தள்ளி வைத்தார். அக்காவை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். அக்கா குலுங்கிக் குலுங்கி அழுதாள். அடுத்த ரயிலும் வந்து போனது. யாரும் பேச்சைத் தொடரவில்லை.

என்னை ஒருவரும் மெச்சவில்லையே என்று எனக்குக் கோபம். ஊராரின் நினைவைச் சோதிக்கிற அக்காவுக்குத் தன் வசனத்தை ஒரு ரயில் போகும்வரைகூட வைத்திருக்க முடியவில்லையே என்று பாவமாகவும் இருந்தது. அவள் மாதக்கணக்காக வேறெதற்கும் இடமில்லாமல் அந்த ஒரு வசனத்தை மட்டுமே தலையில் வைத்திருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.