இரண்டாவது சூடம்

பொன்னுத்தாய்க்கு ஊர் இலுப்பூருக்கு மேற்கே, பஸ் திரும்பிப் போகிற கடைசி நிறுத்தம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஆட்டுக்குப் பின்னால் போனவள். கணவர் ரத்தினவேல் கட்டட வேலைக்குச் சிங்கப்பூர் போனபின், கடலைக்காடு, நூறு நாள் வேலை, ஒரே மகள் பிரகதீஸ்வரி, மயிலன் என்கிற காளை என்று அவள் பொழுது சரியாக இருந்தது. மகள் எட்டு வயதில் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்து வந்தால் காளைக்கன்று ஒன்று வளர்த்து, வருஷா வருஷம் மாசியில் ஐயனார் கோயில் ஜல்லிக்கட்டில் அவிழ்க்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். மகள் பிழைத்தாள். அப்படி வந்தவன்தான் மயிலன். பொன்னுத்தாயைத் தவிர வேறு யார் கயிற்றைத் தொட்டாலும் தலையைத் தாழ்த்திக்கொண்டு முறைப்பான்.

ஒன்பதாவது படிக்கும்போது பிரகதீஸ்வரி இன்ஸ்டாகிராமில் மயிலன் பேரில் ஒரு பக்கம் தொடங்கினாள். சிங்கப்பூரில் இருக்கிற அப்பா மாட்டைப் பார்க்கட்டும் என்பதுதான் எண்ணம். அப்பா பார்த்தார். அவரோடு சேர்ந்து நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். மயிலன் கண்மாயில் நீந்துவது, மண்மேட்டைக் குத்துவது, பொன்னுத்தாய் கையிலிருந்து பருத்திக்கொட்டை தின்பது, எல்லாம் அதில் வந்தது. இலுப்பூர்ச் சந்தையில் முன்பின் தெரியாத பையன்கள் வழிமறித்தார்கள்.

"மயிலன் அம்மா தானே நீங்க? ஒரு செல்பி எடுத்துக்கலாங்களா?"

பொன்னுத்தாய் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிற்பாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் மகளிடம் கேட்பாள், "இன்னைக்கு எம்புட்டுப் பேரு பாத்திருக்காக?" சோறு வைக்கும்போது ஒருதரம், மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்து இன்னொருதரம்.

பொங்கல் கழிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம், பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர் அன்புச்செல்வி அவளை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

"ஒம்பதாவதுல எண்பத்திரண்டு வாங்கின புள்ளம்மா. காலாண்டுல அறுபத்தொண்ணு. இப்ப அரையாண்டுல இருபத்தேழு. வீட்ல போன் அதிகம் பாக்குதா?"

"பாக்குறா டீச்சர். ஆனா தப்பாவெல்லாம் ஒண்ணும் பாக்க மாட்டா. மாட்டைத்தான் பாக்குறா."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு விடைத்தாளை எடுத்து நீட்டினார். "மாட்டைப் பாத்தாலும் பொழுது போறது போறதுதானேம்மா. கடைசிப் பக்கத்தைப் பாருங்க."

பொன்னுத்தாய் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். கடைசிப் பக்கத்தில் கணக்கு இல்லை. பென்சிலில் சின்னதாக எழுதியிருந்தது: அடுத்த வீடியோ. திமில். கொம்பு. அம்மா சூடம் கொளுத்துறது. அம்மா கும்பிடுறது, கண்ணுல தண்ணி வந்தா நல்லா இருக்கும்.

அவள் அதை இரண்டுமுறை படித்தாள். தாளை மடிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நான் பாத்துக்கிறேன் டீச்சர்" என்று எழுந்தாள்.

பஸ்ஸில் வரும்போது அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. அரையாண்டுக் கணக்குப் பரீட்சைக்கு முதல்நாள். மயிலனைக் கழுவிப் பொட்டு வைத்து, மகளையும் கூட்டிக்கொண்டு ஐயனார் கோயிலுக்குப் போயிருந்தாள். புள்ள நல்லா எழுதணும் என்று சூடம் கொளுத்திக் கும்பிட்டாள். மகள் செல்போனைப் பார்த்துவிட்டு, "வெளிச்சம் சரியில்லம்மா, இன்னொருக்கா கும்பிடுங்க" என்றாள். பொன்னுத்தாய் இன்னொரு சூடம் எடுத்து வைத்தாள். மாடு அசைந்துவிட்டது என்று மறுபடியும் நடந்து வரச் சொன்னாள். நடந்து வந்தாள். அன்று வீடு திரும்பியபின், ஒரு லட்சம் பேர் பார்க்கிறவரைக்கும் இருவரும் போனைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தார்கள். கணக்குப் புத்தகம் பையை விட்டு வெளியே வரவே இல்லை.

முதல் சூடம் சாமிக்கு. இரண்டாவது சூடம் யாருக்கு? பஸ் ஊருக்கு வந்து திரும்புகிறவரை அவளுக்கு இதே யோசனை.

அவள் மகளைத் திட்டவில்லை. தொழுவத்தில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"ஏத்தா, பரீட்சை முடியிற மட்டும் மயிலன் பக்கத்துல ஒண்ணும் போடவேணாம். போன்லேருந்து அதை எடுத்துரு."

"எடுக்குறதாம்மா? ஒங்களுக்கு வெவரம் தெரியாது. ரெண்டு வாரம் சும்மா இருந்தாலே எல்லாரும் போயிருவாங்க."

"எங்கிட்டுப் போவாக? அவுகளுக்கும் பள்ளிக்கூடம், வேலைன்னு இருக்கும்ல?"

"எம்புட்டுப் பேருன்னு நீங்கதானேம்மா தெனமும் கேட்டீங்க?"

பொன்னுத்தாய் கையிலிருந்த வைக்கோலைக் கீழே வைத்தாள். "ஆமாத்தா. நான்தான் கேட்டேன். இனிமே கேக்கலை."

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பாடம் வரும் என்பதால் போனைப் பூட்டி வைக்க முடியாது. இன்ஸ்டாகிராமை மட்டும் மகளே போனிலிருந்து எடுத்தாள். முதல் பத்துநாள் புத்தகம் முன்னால் உட்காருவாள், கை தன்னால் போனைத் தேடிப் போகும், ஒன்றும் இல்லாமல் திரும்பும். ஒரு பக்கம் முழுசாகப் படிப்பதற்குள் நாலுதரம் எழுந்து தண்ணீர் குடித்தாள். டீச்சர் கொடுத்த முதல் தேர்வில் முப்பத்தொன்று. அடுத்ததில் முப்பத்தெட்டு. ரத்தினவேல் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டார்.

"என்ன புள்ள, பக்கம் அப்படியே கெடக்கு? கூட வேலை பாக்குற பயலுகளெல்லாம் கேக்குறானுக."

"மாடு நல்லா இருக்குங்க. ஒங்க மக படிக்கிறா. அதைச் சொல்லுங்க அவுககிட்ட."

மாசி வந்தது. பொதுத்தேர்வுக்கு மூன்று வாரம். வேண்டுதல் மாடு, அவிழ்க்காமல் இருக்க முடியாது. கொழுந்தன் மலையாண்டியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பொன்னுத்தாய் கிளம்பினாள். மகள் வாசலில் நின்றாள்.

"நானும் வாரேனே. வீடியோ எடுக்க மாட்டேன், பாக்க மட்டும்."

"அங்க வந்தா எடுக்காம இருப்பியாத்தா?"

பிரகதீஸ்வரி கையிலிருந்த போனைப் பார்த்தாள். பிறகு, "எடுக்க மாட்டேன்னு சொல்ல முடியலம்மா" என்று உள்ளே போனாள்.

ஐயனார் முன்னால் பொன்னுத்தாய் ஒரு சூடம் கொளுத்தினாள், கும்பிட்டாள், அது அணைகிறவரை நின்றாள். வாடிவாசலில் மயிலன் பாய்ந்த பாய்ச்சலில் நின்ற வீரர்கள் வேலிமேல் ஏறினார்கள். திரும்பி நின்று ஒரு சுற்றுச் சுற்றி, யாரையும் திமிலைத் தொடவிடாமல் போனான். அப்படி ஓர் ஓட்டம் அவன் அதுவரை ஓடியதில்லை.

மலையாண்டி தலையில் கை வைத்துக்கொண்டான். "மதினி, இன்னைக்குப் போயி புள்ளைய விட்டுட்டு வந்தீகளே! இதுக்கு அஞ்சு லட்சம் பேரு பாத்திருப்பானுக!"

"நாம பாத்தோம்ல தம்பி" என்று அவள் கயிற்றோடு மாட்டைத் தேடிப் போனாள்.

வீட்டில் மகள் கணக்கு நோட்டுக்கு முன்னால் இருந்தாள். "புடிச்சாங்களாம்மா?"

"தொடக்கூட இல்லை."

"எப்படிப் போனான்? சொல்லுங்கம்மா."

பொன்னுத்தாய் சொன்னாள். கொம்பை எந்தப் பக்கம் சாய்த்தான், எங்கே திரும்பினான் என்று கையை வீசி வீசிச் சொன்னாள். மகள் பேனாவை மூடாமல் கேட்டுவிட்டு, விட்ட கணக்கைத் தொடர்ந்தாள்.

மே மாதம் முடிவு வந்தது. கணக்கில் ஐம்பத்தெட்டு. எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி. "இன்னும் மூணு மாசம் முன்னாடி ஆரம்பிச்சிருந்தா எண்பதைத் தாண்டியிருக்கும்" என்றார் டீச்சர். கேட்ட குரூப் கிடைக்காமல் பிரகதீஸ்வரி பதினொன்றாம் வகுப்பில் வேறு குரூப் சேர்ந்தாள். மயிலன் பக்கத்தில் ஒன்பதாயிரம் பேர் குறைந்திருந்தார்கள்.

சேர்ந்த அன்று சாயங்காலம் மூவரும் ஐயனார் கோயிலுக்குப் போனார்கள், தாயும் மகளும் மாடும். பொன்னுத்தாய் சூடம் கொளுத்திக் கண்ணை மூடினாள். மகளும் பக்கத்தில் நின்று கும்பிட்டாள். கண்ணைத் திறந்து, நினைவு வந்தவளாய்ப் போனை எடுத்தபோது சூடம் அணைந்து கரி மட்டும் இருந்தது.

பிரகதீஸ்வரி அம்மாவைப் பார்த்தாள். பொட்டலத்தில் இன்னும் சூடம் இருந்தது. பொன்னுத்தாய் அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, மாட்டை அவிழ்த்தாள்.