தெர்மாகோல் தாஜ்மகால்

யார் கட்டடம் கட்டினாலும் காலத்துக்கும் நிற்க வேண்டும் என்று கட்டுவார்கள். விழா முடிந்ததும் சேதாரமில்லாமல் பிரித்தெடுக்க வேண்டும் என்று கட்டுகிறவர்கள், என்னைப்போல் செட் போடுகிறவர்கள்தான். கல்யாண மேடை, திருவிழா முகப்பு, கடைத் திறப்பு, எதுவானாலும் கள்ளக்குறிச்சியிலிருந்து கிளம்பிவிடுவோம். என் வீட்டுக்காரர் ஏழுமலை மரச்சட்டம் அடிப்பார், சாரம் ஏறுவார். தெர்மாகோலை அறுத்து வண்ணம் பூசுவதும், கூப்பிட்டவர்களிடம் திட்டு வாங்குவதும் என் பங்கு. மேடைக்குப் பின்னால் சுத்தியலும் கையுமாக நின்று பழகியவர்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

சாய்ந்த கோபுரம்

கடைவீதியில் புதிதாகச் செல்போன் கடை திறந்தவர், வாசலில் பைசா கோபுரம் வேண்டும் என்றார். இத்தாலியில் சாய்ந்து நிற்கிறதே, அதுதான். நிமிர்ந்து நிற்கிற கோபுரத்தை எவனும் செய்துவிடுவான். சாய்ந்தும் இருக்க வேண்டும், விழவும் கூடாது என்றால்தான் கஷ்டம். என் வீட்டுக்காரர் உள்ளே கம்பி கொடுத்து, அடியில் மணல் மூட்டை வைத்து, ஒருவழியாகச் சாய்த்து நிறுத்தினார்.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் கோபுரம் விறைப்பாக நிற்கிறது. பஸ்ஸுக்கு நின்றிருந்த நாலு பேர் பரிதாபப்பட்டு நிமிர்த்திவிட்டார்கள். மறுபடி சாய்த்தோம். சாப்பிட்டு வருவதற்குள் எதிர்க்கடைக்காரர் சவுக்குக் கழி முட்டுக்கொடுத்து நிமிர்த்தியிருந்தார். மூன்றாம் தடவை சாய்த்துக்கொண்டிருக்கும்போது, வண்டியில் போன கொத்தனார் ஒருவர் நிறுத்தி, கோபுரத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இவர் தோளில் கை வைத்துச் சொன்னார்: "வெக்கப்படாம எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, நேரா நிக்குதான்னு பாக்கத் தூக்குக்குண்டு குடுத்திருப்பேனே."

ஒரே ஒரு ராஜா

பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் பிரமிடு செய்து வாசலில் வைத்திருந்தோம். நடவு முடிந்து, சேறு காயாத காலோடு வந்த பெண்கள் கும்பலாக நின்றுவிட்டார்கள். "இது இன்னாக்கா?" என்றார்கள். எகிப்து ராஜா ஒருவரைப் புதைத்த இடம், நிஜத்தில் மலை மாதிரி இருக்கும் என்றேன். உள்ளே வேறு யார் யார் என்று கேட்டாள் ஒருத்தி. பெரும்பாலும் அவர் ஒருவர்தான் என்றேன். கூட்டத்தில் மூத்தவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு உச்சி வரைக்கும் அண்ணாந்து பார்த்தாள். "செத்த ஆளு ஒருத்தருக்கு இம்மாம் எடமா? எங்க காலனி வூட்டுல ஒம்போது பேரு உசுரோட படுத்துக்கினு இருக்கோம்!"

மூக்கு

திருநாவலூர் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழா. விழாக் குழுத் தலைவரின் மகன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறவன். அங்கிருந்து ஸ்பிங்ஸ் படத்தை அனுப்பி, முகப்பில் இதையே வைக்கச் சொல்லியிருந்தான். சிங்க உடம்பும் மனித முகமுமாகப் பிரமிடுக்குப் பக்கத்தில் படுத்திருக்குமே, அது. படத்தில் இருந்தபடியே செய்து கொண்டுபோய் இறக்கினேன். தலைவர் ஒரு சுற்று சுற்றி வந்து, "மூக்கு எங்கம்மா?" என்றார். நிஜத்திலும் உடைந்துதான் இருக்கிறது என்று படத்தைக் காட்டினேன். "அங்க ஒடஞ்சிருக்கட்டும். எங்க ஊரு வாசல்ல மூளியா நிக்கக் கூடாது" என்றார். மீந்த தெர்மாகோலில் எடுப்பாக ஒரு மூக்கு வெட்டி ஒட்டினேன். முகம் கிட்டத்தட்ட தலைவர் ஜாடைக்கே வந்துவிட்டது.

மாலைக்குள் ஸ்பிங்ஸுக்கு மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழ மாலை எல்லாம் வந்துவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது, பூசாரி கொழுந்துவிட்டு எரிகிற கற்பூரத் தட்டோடு வரும் வரைக்கும். தெர்மாகோலுக்கு நெருப்பு ஆகவே ஆகாது. "ஐயா, கிட்ட போவாதீங்க!" என்று கத்தினேன். மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? தட்டு முகத்துக்கு நேராக உயர்ந்தது. மூக்கு பொசுபொசுவென்று உருகி எரிய ஆரம்பித்தது. பந்தல் முழுக்கத் தென்னங்கீற்று, கீழே குழந்தைகள். இவர் சாரத்திலிருந்து குதித்து, தண்ணீர்ப் பந்தல் அண்டாவை அப்படியே தூக்கிக் கவிழ்த்தார். பூசாரி முழுக்க நனைந்துவிட்டார். நெருப்பு அணைந்தது, மூக்கு மட்டும்தான் போயிருந்தது, பழைய படத்தில் இருந்தபடியே. நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். பூசாரி ஈரத் துண்டைப் பிழிந்தபடி தலைவரிடம் சொன்னார்: "சாமி வேணான்னு கழட்டி வச்ச மூக்க நாம ஏன் மாட்டினோம்?"

மலையேறிய டவர்

வெள்ளிமலையில் கோடை விழா. ஈபிள் டவரை நாலு துண்டாகக் குட்டி யானை வண்டியில் கட்டி ஏற்றினோம். கொண்டை ஊசி வளைவொன்றில், உச்சித் துண்டு மரக்கிளையில் வசமாக மாட்டிக்கொண்டது. மேலிருந்து ஒரு பஸ் இறங்கி வந்து எதிரில் நின்றது; நாங்களும் அசைய முடியாது, அவர்களும் அசைய முடியாது. கண்டக்டர் திட்டிக்கொண்டே இறங்கினார். பின்னாலேயே பஸ் மொத்தமும் இறங்கியது.

அவர்களில் ஒருவர், சாமை மூட்டையோடு வந்த மலைக்காரர், டவரைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே வைத்துவிட்டார். "டவரு வந்திருச்சுடோய்!" என்று அவர் போட்ட குரலில் ஆளாளுக்கு ஓடிவந்து தோள் கொடுத்தார்கள். சாமி தூக்குகிற மாதிரி கூச்சல் போட்டபடி வளைவைத் தாண்டிச் சுமந்து போனார்கள். எனக்கு ஒரே பெருமை. நம் வேலைக்கு இவ்வளவு மரியாதையா! இறக்கி வைத்ததும் அவர் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து உயர்த்திப் பிடித்து, எப்போது சிக்னல் வரும் என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. வேர்வை சொட்ட நின்ற மனுஷரிடம் எப்படிச் சொல்வது? இது பாரிஸ் என்கிற ஊரில் இருக்கிற டவரைப் பார்த்துச் செய்தது, வெறும் அழகுக்குத்தான் என்று மென்று முழுங்கினேன். அவர் முகம் வாடும் என்று பார்த்தால், பாரிஸ்காரர்களுக்காக இரக்கப்பட்டார்: "அய்யோ பாவம், அந்த ஊர்லயும் சிக்னல் இல்லியாக்கா?"

பெரியப்பா எழுப்பிய கேள்வி

சங்கராபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளை ஆசைப்பட்டார் என்று தாஜ்மகால் போட்டிருந்தோம். கும்மட்டம், நாலு மினார், பளிங்கு மாதிரி பளபளப்பு. என் கைவேலையிலேயே அதுதான் உசத்தி. பெண் வந்த கார் வாசலில் நின்றது. முதலில் இறங்கியவர் பெண்ணின் பெரியப்பா. வரலாற்று வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மேடையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாங்க இது? சமாதி முன்னாடியா பொண்ண ஒக்கார வைப்பீங்க?"

"காதல் சின்னங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"அந்தம்மா போய்ச் சேந்த பெறவு கட்டுனதுங்க!"

நாதஸ்வரம் நின்றது. மண்டபம் இரண்டாகப் பிரிந்து கத்தியது. எங்கள் பெண்ணுக்கு ஒன்று ஆனால் யார் பொறுப்பு என்று ஒரு பக்கம்; இஷ்டமில்லாவிட்டால் காரைத் திருப்பிக்கொள்ளட்டும் என்று எதிர்ப் பக்கம். கும்மட்டத்தைக் கழற்றச் சொல்லி ஒருவர், வேண்டாமென்று இன்னொருவர். என் வீட்டுக்காரர் ஏணியில் பாதியில் நின்று முழித்தார். ஒரு கல்யாணம் என் தெர்மாகோலால் நின்றுபோகப் போகிறது என்றே நினைத்தேன்.

பெண் காரிலிருந்து இறங்கினாள். மாலை கனத்தில் மெதுவாக நடந்து உள்ளே வந்து, மேடையை நன்றாக அண்ணாந்து பார்த்தாள். மாப்பிள்ளையையும் ஒரு பார்வை பார்த்தாள். பாவம், அவருக்குக் கர்ச்சீப் பிழியும் அளவுக்கு வேர்த்திருந்தது. அவள் பெரியப்பா பக்கம் திரும்பினாள். "அந்த ராஜா பொண்டாட்டி செத்த பெறவு கட்டுனாரு. இவரு நான் உசுரோட இருக்கறப்பவே கட்டிட்டாரு. வாங்க பெரியப்பா, மேல போயி ஒக்காரலாம்."

உலக அதிசயங்களையெல்லாம் கட்டியும் பிரித்தும் பார்த்துவிட்டேன். எங்கள் பக்கத்து ஜனங்கள் வாயைத் திறந்த பிறகும் அதிசயமாகவே நின்ற கட்டடம் ஒன்றுகூட இல்லை.