நான் வெட்டிய வயர்

என் மனைவியின் அண்ணன் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். எனக்கும் அவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். பிள்ளைகள் இரண்டும் வெளிநாடு போன பிறகு, வீட்டில் யாரிடமும் சொல்லாமல், நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பழையதாக வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அதற்குப் பிறகு லீவு கிடைத்தால் மன்னார், மட்டக்களப்பு என்று புறப்பட்டுவிடுவார். வழி பார்க்கக் கைபேசியைப் பொருத்தியிருந்தார். அது வெயிலில் சூடேறி நின்றுவிடும். அதனால் மகள் கனடாவிலிருந்து ஒரு ஜி.பி.எஸ். கருவி அனுப்பியிருந்தாள். தேத்தண்ணீர் குடிக்க இறங்கும்போது அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். தாங்கியும் வயரும் மட்டும் வண்டியில் இருக்கும்.

அந்த வயரை இழுத்துக் கொடுத்தவர் கிராண்ட்பாஸில் கடை வைத்திருக்கும் ஒரு வயரிங் பாஸ்; கைவேலைக்காரரை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அதிகம் பேசாத முஸ்லிம் மனிதர். வேலை முடிந்த அன்று பின்னேரமே மச்சான் பைக்கை எடுத்துக்கொண்டு நேரே வெள்ளவத்தைக்கு எங்கள் பிளட்டுக்கு வந்தார்.

"மச்சான், நாளைக்கு ஒரு கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போறன். எங்கட ஒழுங்கையில, றோட்டோரமா இதை விட்டிட்டுப் போகப் பயமாக் கிடக்கு. உங்கட பார்க்கிங்கில பத்து நாள் நிக்கட்டும்" என்றார். பாஸ் செய்த வேலையை மச்சானே அப்போது சரியாகப் பார்த்திருக்கவில்லை.

நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். அந்த ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கிப்போய்ப் பார்த்தேன். தாங்கியிலிருந்து வந்த வயர் ஹாண்டில் திரும்பும் இடத்தில் ஒரு பெரிய வளையமாகத் தொங்கியது. பிறகு பெற்றோல் டாங்கிக்கு அடியால் போய், சீற்றுக்குக் கீழே பற்றரியில் முடிந்தது. பற்றரிக்குப் பக்கத்தில் ஒரு ஃபியூஸ் பெட்டி. அது சீற்றைப் பூட்டும் கொளுவியில் முட்டியதால் சீற்றைக் கையால் குத்தித்தான் மூட வேண்டியிருந்தது. எனக்கு அந்த வளையமும் பிடிக்கவில்லை, முட்டும் சீற்றும் பிடிக்கவில்லை. இதைவிட நன்றாக என்னால் செய்ய முடியும் என்று நினைத்தேன்.

அந்தப் பிற்பகல் முழுவதும் பைக்கின் பக்கத்தில் குந்தியிருந்தேன். வளையத்தை வெட்டி எடுத்து, வயரை இறுக்கமாக ஹாண்டிலின் கழுத்துக்குப் பின்னால் மறைத்தேன். பற்றரி வரை போகாமல், சாவி போட்டால் மின் வரும் வயர் ஒன்றிலேயே அதை முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றினேன். ஃபியூஸ் பெட்டியைக் கழற்றிவிட்டேன். வகுப்பில் 'உருகி' என்று கரும்பலகையில் எழுதி, அது ஏன் தேவை என்று வருடம் தவறாமல் விளக்குகிறவன் நான். இவ்வளவு சிறிய கருவிக்கு அது எதற்கு என்று அன்றைக்குத் தோன்றியது.

மனைவி பல்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, அண்ணான்ர பைக்கில என்ன செய்யிறியள்?"

"சும்மா. வயரைக் கொஞ்சம் வடிவாக்கிறன்."

மச்சான் திரும்பி வந்து சீற்றைத் திறந்து மூடிப் பார்த்தார். முன்பக்கத்தைச் சுற்றிவந்தார். "பாஸ் கெட்டிக்காரன் மச்சான். வயர் இருக்கிற இடமே தெரியேல்ல" என்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அது நான் செய்த வேலை என்று பிறகு ஒருநாள் பகிடியாகச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

நாலு கிழமை கழித்து மச்சான் புத்தளம் பக்கம் போனார். சிலாபத்துக்கு அங்கால் ஒரு சந்தியில் வலப்பக்கம் திரும்பும்போது எஞ்சின் சடாரென்று நின்றுவிட்டது. திரும்பிய நிலையில் பாரம் தாங்காமல் பைக் சரிந்து அவருடைய வலது காலின் மேல் விழுந்தது. கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்து, தகடு வைக்க வேண்டியதாயிற்று. பின்னால் வந்த வான் நேரத்துக்கு நின்றதால் உயிர் தப்பினார்.

பைக்கைக் கொழும்புக்கு வந்த ஒரு லொறியில் ஏற்றி, ஒருகொடவத்தையில் உள்ள கொண்டெய்னர் யார்டுக்கு அனுப்பியிருந்தார்கள். எடுத்துவரப் போனது நான்தான். கொண்டெய்னர்களுக்கு நடுவில் நின்றபடியே ஹாண்டிலைத் திருப்பிப் பார்த்தேன். நான் இறுக்கி மறைத்த இடத்தில் வயரின் தோல் உரசித் தேய்ந்து, செம்பு வெளியே தெரிந்தது. அது பைக்கின் உடம்பில் தொட்டதும் பைக்கின் சொந்த ஃபியூஸே எரிந்து, எஞ்சின் நின்றிருக்கிறது. பாஸ் விட்ட வளையம் இருந்திருந்தால் வயர் உரசியிராது. அவர் போட்ட ஃபியூஸ் இருந்திருந்தால், உரசியிருந்தாலும் ஜி.பி.எஸ். மட்டும்தான் அணைந்திருக்கும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மச்சான் கேட்டார். "என்னவாம் பிழை?"

"வயர் உரசி ஷோர்ட் ஆகியிருக்கு" என்றேன்.

"அந்த பாஸ்!" என்று பல்லைக் கடித்தார். நான் அவருக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன்.

ஊன்றுகோலுடன் நடக்கத் தொடங்கியதும் முதல் வேலையாகக் கிராண்ட்பாஸுக்குப் போக வேண்டும் என்றார். நான்தான் ஆட்டோவில் கூட்டிப்போனேன். தேய்ந்த வயரை ஒரு ஷொப்பிங் பைக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதைப் பாஸின் மேசையில் எறிந்தார். கடையில் ஐந்தாறு பேர் நின்றார்கள்.

"பாரும் உம்மட வேலையை! என்னைச் சாகக் குடுக்கப் பார்த்தனீர்!"

பாஸ் வயரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது என்ட வேல இல்ல சேர். நான் ஈயம் வச்சி ஒட்டி மேல ஸ்லீவ் போடுவன். இது முறுக்கி டேப் சுத்தி இரிக்கி. நான் போட்ட ஃபியூஸ் எங்க?"

"அப்ப ஆற்ற வேலை? உம்மட்ட இருந்து எடுத்த பைக் நேர இவற்ற வீட்டிலதான் நிண்டது!"

பாஸ் என்னைப் பார்த்தார். கோபத்தோடு அல்ல; நான் ஏதோ சொல்வேன் என்று எதிர்பார்த்து. நான் மேசையில் கிடந்த குறட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வயரைப் பைக்குள் திரும்பப் போட்டு மச்சானிடம் நீட்டினார். "கால் சுகமாக துஆ கேக்குறன் சேர்" என்றார்.

பைக் ஓடும் நண்பர்கள் எல்லோரிடமும் அந்தக் கடைக்குப் போகவேண்டாம் என்று மச்சான் சொல்லி வைத்தார். ஐந்து மாதம் போனது. ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மறுபடியும் அந்த பாஸை ஏசத் தொடங்கினார். அவர் போன பிறகு மனைவி கோப்பைகளை எடுத்தபடி கேட்டாள்.

"அண்டைக்கு நீங்கள் கீழ குந்தியிருந்து செய்த வேலை அதுதானே?"

"ஓம்."

அவள் கோப்பைகளை மேசையிலேயே வைத்தாள். "அப்பவே சொல்லியிருந்தா அண்ணா ஒரு கிழமை கத்தியிருப்பார். பிறகு சிரிச்சிருப்பார். இப்ப என்னெண்டு சொல்லப்போறியள்?"

அடுத்த நாளே கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்துத்தான் போனேன். மச்சான் காலைத் தடவினார்.

"கால் ஆறீட்டுது. அதை விடும்" என்றார். "அந்த மனுசனை நான் அத்தனை சனத்துக்கு முன்னால ஏசினன். நீர் பக்கத்தில நிண்டனீர்."

பாஸிடம் மன்னிப்புக் கேட்க நானும் வருகிறேன் என்றேன். "வேண்டாம். நான் ஏசினதுக்கு நான் போறன்" என்று தனியாகவே போனார். பாஸிடம் என்ன பேசினார் என்று எனக்குச் சொல்லவில்லை. ஆனால் பைக் மறுபடியும் அந்தக் கடைக்குப் போனது, நண்பர்களின் பைக்குகளும் போகின்றன என்று மனைவி சொல்லித்தான் அறிந்தேன். மச்சான் இப்போதும் வருகிறார். மரியாதையாகக் கதைக்கிறார். பைக்கைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. எங்கள் பார்க்கிங்கிலும் அதை விடுவதில்லை.

போன மாதம் நானே கிராண்ட்பாஸுக்குப் போனேன். பாஸ் ஒரு ஆட்டோவின் டாஷ்போர்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பாஸ், அந்தப் பிழை என்ரதான். அண்டைக்கே சொல்லியிருக்க வேணும்" என்றேன்.

"ஒங்கட மச்சான் வந்து எல்லாம் சொன்னாரு சேர். அது முடிஞ்சி போச்சி." குறட்டைக் கீழே வைத்தார். "ஒண்டு கேக்கவா? அந்த ஃபியூஸ ஏன் கழட்டினீங்க?"

"சீற் மூட முட்டிச்சுது."

அவர் தலையாட்டினார். "என்கிட்ட கொண்டு வந்திருக்கலாம் தானே. பத்து நிமிசத்துல மாத்தி வச்சிருப்பன்."

அப்போது ஒருவர் வந்து சிங்களத்தில் ஏதோ கேட்க, அவரும் சிங்களத்தில் பதில் சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வருவாரோ என்று கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வெளியே வந்து பஸ் ஏறினேன்.