ஸ்ப்ளிட் ரயிலில் ஒரு ஹவாலா

ஈஸ்ட் பிரன்ஸ்விக் சுவாமிநாதன் யாரையும் லேசில் நம்பிவிட மாட்டார். ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்காக இருபத்தாறு வருடம் அவர் செய்த வேலையே அதுதான்: கள்ளப் பணம் கைமாறுகிறதா என்று மோப்பம் பிடிக்கும் மென்பொருள் எழுதுவது. ரிட்டையர் ஆனபோது லேப்டாப்பை வங்கி திரும்ப வாங்கிக்கொண்டது. சந்தேகத்தை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

மகள் மாளவிகா தன் சிநேகிதனை முதன்முதலாக வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்த அன்று, அவனைப் பற்றித் துப்புத் துலக்கிய பன்னிரண்டு பக்கங்களைச் சாம்பார்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். ஸ்பீடிங் டிக்கெட் உட்பட எல்லாம் அதில் இருந்தது. பையன் பதவிசாகச் சாப்பிட்டுவிட்டுப் போனான். மாளவிகா வியன்னாவில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். மூன்று வருடமாக அப்பாவோடு பேச்சில்லை. அம்மாவிடம் மட்டும் பேசுவாள், அதுவும் அவர் வாக்கிங் போகும் நேரமாகப் பார்த்து. மகளுக்காக மனிதர் உள்ளுக்குள் உருகிப்போயிருந்தார். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் தெரியவில்லை.

இந்த வருடம் மனைவி ஜலஜா குரோஷியா குரூப் டூருக்குப் பெயர் கொடுத்தாள். ஏன் குரோஷியா என்று கேட்டார். "எல்லாரும் போறாங்க" என்றாள். அந்தப் பதிலே அவருக்குச் சரியாகப் படவில்லை.

தலைநகர் ஸாக்ரெபிலிருந்து கடற்கரை ஊரான ஸ்ப்ளிட்டுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ரயில். வெளியே புல்வெளியும், கல் வீடுகளும், ஆளே இல்லாத குட்டி ஸ்டேஷன்களில் சிவப்புத் தொப்பி போட்ட ஸ்டேஷன் மாஸ்டர்களும் வந்துகொண்டே இருந்தார்கள். மற்றவர்கள் அதையெல்லாம் படமெடுத்தார்கள். சுவாமிநாதன் ஜலஜாவையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவை எழுந்து போய் டூர் ஏற்பாட்டாளன் அச்சுதன் காதில் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள். உடனே அச்சுதன் யாருக்கோ போன் போட்டான். குரலைத் தாழ்த்தி ஏதேதோ பேசி, கடைசியில் "ஹவாலா, ஹவாலா" என்று முடித்தான்.

சுவாமிநாதனுக்குச் சுருக்கென்றது. ஆயுசில் பாதியை அந்த வார்த்தையைத் துரத்தியே கழித்தவர். அந்த நேரம் பார்த்து டிக்கெட் பரிசோதிக்க வந்த அம்மாள், டிக்கெட்டைத் திருப்பித் தந்து, சிரித்த முகத்தோடு அவரிடமே "ஹவாலா" என்றாள். அடேயப்பா, ரயில்வேயே உடந்தை!

எழுந்தே விட்டார். "அச்சுதன்! குரூப் டூர்னு சொல்லி என்ன ஹவாலா நடத்தறீங்க? என் ஒய்ஃபை இதுல எதுக்கு இன்வால்வ் பண்றீங்க?"

பெட்டி கப்சிப்பென்றாகிவிட்டது. எதிர் சீட் வசந்தாமணி, வாய் நிறையப் புளியோதரையோடு சிரித்தாள். "அட, இந்த ஊர்ல தேங்க் யூவுக்கு அதானுங்க சார் வார்த்தை!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுவாமிநாதனும் அசடு வழிந்தார். அச்சுதன் மட்டும் சிரிக்கவில்லை.

"ஹோட்டல்ல எக்ஸ்ட்ரா ரூம் புக் பண்ணேன் அங்கிள். அவ்ளோதான்."

"யாருக்கு?"

சிரிப்பு நின்றது. எல்லோரும் ஜலஜாவைப் பார்த்தார்கள். ஒருத்தர் பாக்கியில்லாமல் அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும், அவரைத் தவிர.

ஜலஜா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "நம்ம மாளவிகா ஸ்ப்ளிட் ஸ்டேஷனுக்கு வர்றா. உங்களைப் பார்க்கத்தான். முன்னாடியே சொன்னா விசாரிக்க ஆரம்பிச்சுடுவீங்கன்னு நான்தான் சொல்லல."

இத்தனை பேர் முன்னால் அழுதுவிடுவோமோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. அதற்குள் பழக்க தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

"யாரோட வர்றா?"

ஜலஜா போனில் எழுத ஆரம்பித்தாள்.

"என்ன எழுதற?"

"அப்பாகிட்ட சொல்லிட்டேன்னு."

உடனே பதில் வந்தது. படித்துவிட்டு ஜலஜா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்? வர்றாளாமா?"

"நான் சொன்னதும் அப்பா ஃபர்ஸ்ட் என்ன கேட்டார்னு கேக்கறா."

உள்ளதைச் சொன்னால் ஸ்டேஷனில் யாரும் நிற்கப் போவதில்லை. அது அவருக்குத் தெரிந்தது. காலமெல்லாம் அடுத்தவர் பொய்யைப் பிடித்துக் கொடுத்தவர், மனைவியின் முழங்கையைத் தொட்டார்.

"நல்லா இருக்காளான்னு கேட்டேன்னு எழுதேன், ஜலஜா. ப்ளீஸ்."

ஜலஜா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு எதையோ எழுதி அனுப்பிவிட்டு, போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். என்ன எழுதினாள் என்று அவர் கேட்கவில்லை.