தழும்புக்கு ஒரு டிரையல்

அந்த யோசனை என் மூளைக்கு எட்டுவதற்கு முன்பே வாயில் வந்து விழுந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடை. மதியம் ஒன்றரை மணி. ஐந்து மாத வயிற்றை மேசைக்கும் நாற்காலிக்கும் நடுவில் செருகிக்கொண்டு ரசத்தோடு போராடிக்கொண்டிருந்தேன். பரிமாற வந்த ஆன்டி, காய்கறி வாளியை இடுப்பில் சாய்த்துக்கொண்டு நின்றார்.

“ரெண்டாவதா ம்மா?”

“ஆமா ஆன்டி.”

“மொத புள்ள நார்மலா?”

“ஆபரேஷன்.”

அவர் என் இலையில் கூடுதலாக ஓர் அப்பளம் வைத்தார். கேட்காமல் கிடைத்த அப்பளத்துக்கு யாரும் கோபப்படமாட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. அது பரிதாப அப்பளம்.

“இந்தத் தடவ நார்மல் ஆன்டி,” என்றேன்.

“அப்படியும் முடியுமா? ஒருக்கா வெட்டுனா அப்புறம் எல்லாம் வெட்டுதானே?”

“அதெல்லாம் முடியும் லா.”

முடியுமா என்று அந்த நிமிடம் எனக்குத் தெரியாது. இடது கையால் கைப்பேசியில் தேடிக்கொண்டே அப்பளத்தைத் தின்று முடித்தேன். முடியுமாம். எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு. அந்தச் சிலரில் நானும் ஒருத்தி என்று மோர் வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

முதல் பிரசவத்தைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. மகள் கடைசி வரைக்கும் தலையை மேலே வைத்துக்கொண்டு, கொமுட்டர் ரயிலில் இடம் கிடைத்தவளைப் போல உட்கார்ந்தே இருந்தாள். எழுந்து திரும்பும் எண்ணம் அவளுக்கு இல்லை. தேதி குறித்து, வெட்டி எடுத்தார்கள். நன்றாக அழுதாள், நன்றாக வளர்ந்தாள், இப்போது நான்கு வயதில் என்னையே அதட்டுகிறாள். இதில் என்ன குறை?

குறை அந்த ஒரு சொல்லில்தான். நம் ஆட்கள் பிள்ளை பெற்றவளிடம் குழந்தையின் எடையைக் கேட்பதற்கு முன்பே “நார்மலா?” என்று கேட்கிறார்கள். இல்லை என்றால் நான் என்ன, அப்நார்மலா? பள்ளிக்கூடத்தில் எதற்கும் முதல் வரிசையில் கை தூக்கியவள் நான். பரீட்சை மண்டபத்துக்குள் போகாமலே சான்றிதழ் வாங்கிக்கொண்டவள் மாதிரி ஓர் உறுத்தல் நான்கு வருடமாக உள்ளே இருந்திருக்கிறது. அப்பளம் அதைக் கிளறிவிட்டது.

அன்று கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலிலேயே ஓர் அட்டவணை போட்டுவிட்டேன். இடப்பக்கம் நார்மல், வலப்பக்கம் ஆபரேஷன். நன்மைக்குப் பச்சை, தீமைக்குச் சிவப்பு. சீக்கிரம் எழுந்து நடக்கலாம்: பச்சை. மகளைத் தூக்கலாம்: பச்சை. வீடு வந்து சேர்வதற்குள் இடப்பக்கம் ஒரு காற்பந்துத் திடல் மாதிரி ஆகிவிட்டது.

என் கணவர் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். எந்தக் கப்பல் எப்போது எந்த இடத்தில் வந்து கட்ட வேண்டும் என்று திட்டம் போடுவது அவர் தொழில். அட்டவணையை நிதானமாகப் படித்தார்.

“எல்லாம் சரி. கப்பல் எப்ப வரும்னு போடலயே?”

“அது தானா வலி எடுக்கிறப்போ வரும்.”

“தேதி தெரியாத கப்பலுக்கு எப்படிம்மா எடம் குடுக்கிறது?”

பிறகு திரையைப் பெரிதாக்கி ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். ‘பழைய தழும்பு பிரிந்துவிடலாம்.’ அதை மட்டும் நான் மிகச் சிறிய எழுத்தில், சாம்பல் நிறத்தில் போட்டிருந்தேன்.

“இத ஏன் எறும்பு சைஸுல எழுதியிருக்க?”

“எடம் பத்தல.”

அவர் அந்த எழுத்தை மற்ற எழுத்துகளின் அளவுக்குக் கொண்டுவந்தார். கட்டத்தைச் சிவப்பாக்கினார். அன்று அவரோடு நான் சரியாகப் பேசவில்லை.

மாமியார் வேறு வகை. கிள்ளான் பண்டமாரானில் நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம். முதல் தடவை ஆபரேஷன் என்றதும், “நாங்கள்லாம் நார்மலாத்தான் பெத்தோம்” என்று ஒரு மாதம் பெருமூச்சு விட்டவர் அவர். இந்தத் தடவை நார்மல் முயற்சி செய்யப்போகிறேன் என்றதும் கட்டித் தழுவுவார் என்று நினைத்தேன்.

“வேணாம் ம்மா,” என்றார். “ஆபரேஷன்தான் நிம்மதி. நேரம் நம்ம கையில இருக்கு. நான் ஜோசியர்கிட்ட கேட்டு ரெண்டு நல்ல நேரம் எடுத்து வச்சிட்டேன். ஒண்ணு ரோகிணி.”

“போன தடவ ஆபரேஷன்னு மூஞ்சத் தூக்கி வச்சிருந்தீங்களே அத்தை?”

“அப்ப எனக்கு அனுபவம் இல்ல.”

மூன்று பிள்ளை பெற்றவர் சொன்ன பதில் இது. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, வெங்காயம் உரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் ஒன்று சொன்னார். “வெட்டித் தச்ச எடம் ம்மா. எனக்குப் பயமா இருக்கு.” அதை நான் கேட்காத மாதிரி இருந்தேன்.

வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் மாதா மாதம் வயிற்றை அளந்து, பிங்க் புத்தகத்தில் எழுதித் தருவார்கள். அங்கே ஒரு தமிழ் நர்ஸ், எங்கள் பேச்சில் மிஸ்ஸி. என் விருப்பத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவுமில்லை, அப்பளமும் வைக்கவில்லை.

“டிரையல் ஆஃப் ஸ்கார்னு சொல்லுவாங்க. கேஸ் பாத்துட்டுப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்தான் முடிவு பண்ணுவாங்க. நான் இங்க ‘டிரையல் கேக்குறாங்க’ன்னு எழுதிடறேன்.”

தழும்புக்கு டிரையல். அது தாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே பெற்றெடுக்கும் முயற்சி. எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது. டிரையல் என்றால் இந்த நாட்டில் படித்தவர்களுக்கு ஒன்றுதான் ஞாபகம் வரும்: பள்ளிப் படிப்பை முடிக்கும் எஸ்.பி.எம். பரீட்சைக்கு முன்னால் பள்ளியில் வைக்கும் ஒத்திகைப் பரீட்சை. அதில் நான் கெட்டிக்காரி.

மாமியாருக்கும் அதேதான் ஞாபகம் வந்தது.

“டிரையல்னா, அப்புறம் ரியல் எப்ப?”

“இதான் அத்தை ரியல்.”

“அப்ப ஏன் டிரையல்ங்கிறாங்க? டிரையலுக்கு ஒரு புள்ள, ரியலுக்கு ஒரு புள்ளயா?”

விளக்கினேன். படம் வரைந்தும் காட்டினேன். தலையாட்டிவிட்டுக் கோவிலுக்குப் போனார். பரீட்சைக் காலம். பிள்ளைகள் பேனாக்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து சாமி காலடியில் வைத்து வாங்கிப் போகும் வாரம் அது. வரிசையில் நின்று என் பேருக்கு அர்ச்சனை சொல்லியிருக்கிறார். ஐயர் எதற்கு என்று கேட்டிருக்கிறார். “டிரையல், சாமி. நல்லபடியா முடியணும்.” ஐயர் என் நட்சத்திரத்தைச் சொல்லி, கல்வியில் மேன்மை வேண்டி மந்திரம் ஓதி, தேங்காய் மூடி, வாழைப்பழம், குங்குமத்தோடு ஒரு நீலப் பேனாவையும் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டார்.

“வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே அத்தை?”

“சாமி காலடியில இருந்ததம்மா. வேணாம்னா சொல்ல முடியும்? வரிசையில நின்னவங்க வேற, ‘மருமக இந்த வயசுல படிக்கிறாளா, பரவால்லயே’ங்கிறாங்க.”

பேனாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மகள் ஒரு வாரம் அதைக் கேட்டு அழுதாள். கொடுக்கவில்லை. எனக்கே காரணம் தெரியவில்லை.

முப்பத்தாறாவது வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கணவரோடு போனேன். டாக்டர் என் வயதுக்காரர், தமிழ்ப் பெண். என் அட்டவணையை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். அவர் அதை மரியாதையாக ஓரம் வைத்துவிட்டு, பழைய ஆபரேஷன் குறிப்பைப் படித்தார். ஒரே தழும்பு, கீழே, குறுக்காக. போன தடவை வெட்டியதற்குக் காரணம் குழந்தை திரும்பாதது. இந்தத் தடவை தலை கீழேதான் இருக்கிறது. இடைவெளியும் போதும்.

“முயற்சி பண்ணலாம்,” என்றார். நான் எழுந்து நிற்காத குறை.

“உக்காருங்க. இன்னும் முடியல. தழும்பு பிரியறது அபூர்வம். ஆனா பிரிஞ்சா எங்களுக்கு நிமிஷக் கணக்குதான் இருக்கும். குழந்தைக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. அதனால வலி ஆரம்பிச்ச உடனே வந்துடணும். மெஷின் மாட்டிப் பாத்துக்கிட்டே இருப்போம். குழந்தையோட இதயத் துடிப்பு எனக்குப் பிடிக்கலன்னா, போதும்னு சொல்லுவேன். சொன்னா அதோட ஆபரேஷன் தியேட்டர். அப்ப ‘இன்னும் அரை மணி நேரம் டாக்டர்’னு சொல்லக்கூடாது. சொல்வீங்களா?”

இந்தக் கேள்வி என் அட்டவணையில் இல்லை.

பள்ளியின் கடைசி வருடம், ஐந்தாம் படிவத்தில், கணிதத் தாளில், நேரம் முடிந்தது, பேனாவைக் கீழே வையுங்கள் என்று சொன்ன பிறகும் நான் எழுதிக்கொண்டே இருந்தேன். கண்காணிக்க வந்த டீச்சர் என் கைக்குக் கீழிருந்து தாளை உருவினார். கடைசி விடையின் குறுக்கே ஒரு நீலக் கோடு நீளமாக இழுபட்டுப் போனது. இத்தனை வருடம் அதை வீரக்கதையாகத்தான் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். டாக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று பாழானது ஒரு தாள்.

“சொல்லுவா டாக்டர்,” என்றார் என் கணவர். நான் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை.

“அப்ப இன்னிக்குக் கையெழுத்து வேணாம். யோசிச்சிட்டு ஒரு வாரம் கழிச்சு வாங்க. ஆபரேஷன் கேட்டாலும் குறைச்சல் ஒண்ணும் இல்ல.” பிறகு பிங்க் புத்தகத்தில் ஒரு தேதி எழுதினார். அந்தத் தேதிக்குள் தானாக வலி வராவிட்டால், அன்று ஆபரேஷன்.

காரில் ஏறியதும் கணவரைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“பொய்யா?”

“நான் புள்ளைக்கு ஆபத்துன்னா கேக்க மாட்டேனா?”

“கேப்ப. ஆனா மொதல்ல வாதாடுவ. அந்த நேரம்தான் எனக்குப் பயம்.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எறும்பு எழுத்தில் எழுதியதை அவர் பெரிதாக்கிய நாளில் எனக்கு வந்த கோபம் எதற்கு என்று மெதுவாகத்தான் பிடிபட்டது. நான் ஆசைப்பட்டது குழந்தை வெளியே வரும் வழிக்கா, அந்த ஆன்டி அடுத்த முறை அப்பளம் வைக்காமல் இருப்பதற்கா? இரண்டுக்கும்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் அப்பளத்துக்காக அரை மணி நேரம் கேட்க முடியாது.

வீட்டில் மாமியார் டாக்டர் எழுதிய தேதியைத் தினசரிக் காலண்டரோடு ஒத்துப் பார்த்தார். தாள்களைப் புரட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

“அஷ்டமி.”

“அதனால என்ன அத்தை?”

“அஷ்டமியில போயி வயித்தக் கிழிப்பாங்களா? வேற நாள் கேட்டியா?”

“மத்த நாள்லாம் தியேட்டர் காலி இல்லயாம்.”

நாற்காலியில் உட்கார்ந்து காலண்டரை இன்னொரு முறை புரட்டினார். எழுந்தபோது வேறு ஆளாக எழுந்தார்.

“அப்ப அதுக்கு முன்னாடியே வலி எடுத்துடணும். நாளைலேர்ந்து சாயங்காலம் நடக்கணும் நீ. நானும் வரேன்.”

“தானா வலி எடுத்து அது நவமியில பொறந்தா?”

“தானா வந்தா அது புள்ளையோட இஷ்டம். நாமளா வெட்டுனாத்தான் நாள் பாக்கணும்.”

ரோகிணியை அதோடு மறந்துவிட்டார். என் பச்சைத் திடல் செய்ய முடியாததை ஓர் அஷ்டமி செய்துவிட்டது. பயமாக இருக்கிறது என்று சொன்னவர்தானே என்று நினைத்து, “இப்பப் பயம் இல்லயா அத்தை?” என்று கேட்டேன்.

“இருக்கு. அதனாலதான் டாக்டர் சொன்னா நீ வாயத் தொறக்கக் கூடாது.”

அம்மாவும் மகனும் பேசி வைத்துக்கொண்டது மாதிரி இருந்தது.

ஆகவே இந்த வாரம் பயிற்சி. நான் ஏதாவது பேசிக்கொண்டிருக்கும்போது கணவர் “போதும்” என்பார். அந்த இடத்திலேயே, வாக்கியத்தின் நடுவிலேயே, நான் நிறுத்த வேண்டும். முதல் நாள் ஆறு தடவையும் தோற்றேன். “போதும்னா என்ன அர்த்தம், நான் இன்னும்…” என்று தொடர்ந்ததெல்லாம் கணக்கில் வந்தது. இரண்டாம் நாள் மகளும் சேர்ந்துகொண்டாள். அவளுக்கு இதைவிட நல்ல விளையாட்டு கிடைத்ததில்லை. சோற்றைப் பிசைந்து ஊட்டப் போனால் “போதும்!” நேற்று மாலை நடைப்பயிற்சியில், அலுவலக அரசியலை நான் மாமியாருக்கு விவரித்து, கதையின் உச்சத்தில் நிற்கும்போது, பின்னால் வந்த கணவர் மெல்ல, “போதும்” என்றார்.

நிறுத்திவிட்டேன். முழுதாக.   மாமியார் நாலடி நடந்துவிட்டுத் திரும்பி, “அப்புறம்? அந்த மேனேஜர் என்ன சொன்னான்?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. இன்று முழுக்க அவர் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

நாளைக் காலை ஆஸ்பத்திரி. டிரையல்தான் வேண்டும் என்று சொல்லப் போகிறேன். அட்டவணையை எடுத்துப் போகவில்லை. நீலப் பேனா கைப்பையில் இருக்கிறது. டாக்டர் மறுபடி அதே அரை மணி நேரக் கேள்வியைக் கேட்டால், இல்லை, சொல்லமாட்டேன் என்று சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு, கையெழுத்தைப் போட்டு, அவர் சொல்வதற்கு முன்பே பேனாவைக் கீழே வைத்துப் பார்க்க வேண்டும்.